கேன்சலில் வந்தவர் வீட்டில்

"எப்ப பயணம்?"

ஊருக்கு வந்த சபராளியைத் தெருவில் பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. ஆனால் வேலை பறிபோய், விசா கேன்சலாகி வந்தவருக்கு இந்த இரண்டு சொற்களே போதும். மறுநாள் அந்தத் தெரு வழியாக நடக்க மாட்டார்.

எங்கள் தெருவிலும் ஒருவர் அப்படி இருந்தார். சவூதியில் எட்டு வருடம் பார்த்த வேலை போய் ஊர் வந்தவர், "லீவை நீட்டியிருக்கேன்" என்றே ஏழு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். லீவில் வந்தவர் லீவில் வந்தவர் போலத்தானே இருக்க வேண்டும்? உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு மோதிரம் போட்டார். தங்கை மகன் சுன்னத்துக்குக் கவரில் பணம் வைத்தார். பிள்ளைகளின் பள்ளி வேன்கூட நிற்கவில்லை. மனைவியின் வளையல்கள் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனது அவருடைய உம்மாவுக்கே தெரியாது. வேலை போனதால் ஏறிய கடனைவிட அதை மறைத்ததால் ஏறிய கடன்தான் அதிகம் என்று பின்னாளில் அவரே கணக்குப் போட்டுச் சொன்னார்.

வளைகுடாவில் வேலை போவது பெரும்பாலும் தனிமனிதரின் குற்றமல்ல. அது அலை அலையாக வருவது. 2011ல் சவூதி நிதாகத் திட்டத்தைக் கொண்டுவந்து, நிறுவனங்கள் இத்தனை சவூதியரை வேலைக்கு வைத்தே ஆக வேண்டும் என்றது. 2017 ஜூலையில் குடும்பத்தினருக்கு ஆளுக்கு மாதம் 100 ரியால் கட்டணம் வந்து, ஆண்டுக்கு 100 ஆக ஏறி 2020ல் 400 ஆனது. நான்கு பேரை உடன் வைத்திருந்தவர் மாதம் 1,600 ரியால் எங்கிருந்து கட்டுவார்? அதே 2020ல் கொரோனா. மே 7ஆம் தேதி தொடங்கிய வந்தே பாரத் விமானங்களில் திரும்பியவர்களில் எத்தனையோ பேர் வேலை இழந்து வந்தவர்கள். இந்தக் காரணங்களில் எது ஒருவருடைய சோம்பலால் வந்தது? இருந்தும் ஊர் திரும்பியவர் தன்னையேதான் நொந்துகொள்கிறார்.

சம்பளம் நிற்கும்போது கூடவே இன்னொன்றும் நின்றுபோகிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர் முழுவதும் ஒரே நெசவு ஆலையை நம்பியிருந்தது. 1929-30ல் அந்த ஆலை மூடப்பட்டது. மாரி யகோடா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே தங்கிக் கவனித்ததை 1933ல் புத்தகமாக வெளியிட்டார்கள். வேலையில்லாமல் கைநிறைய நேரம் இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். பெரும்பாலோர் கடிகாரத்தை எடுத்துச் செல்வதையே விட்டுவிட்டார்கள். காலையிலிருந்து என்ன செய்தீர்கள் என்று கேட்டால் அவர்களால் சொல்ல முடியவில்லை. வீட்டு வேலை நிற்காத பெண்களோ அதே தெருவில் வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள்.

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். சுபுஹுக்குப் பிறகு படுத்துப் பதினொரு மணிக்கு எழுவது, இரவு இரண்டு மணி வரை போனைத் தடவுவது, பிள்ளைகள் சத்தம் போட்டால் எரிந்து விழுவது. சோம்பேறி ஆகிவிட்டார் என்று மாமியார் வீட்டில் பேச்சு வரும். சோம்பலல்ல, நாளின் வடிவம் உடைந்துபோயிருக்கிறது. ஐந்து வேளைத் தொழுகையே அதற்கு ஒரு சட்டம் போட்டுக் கொடுக்கும். ஆனால் "எப்ப பயணம்?" என்ற கேள்விக்குப் பயந்து பள்ளிவாசலையும் தவிர்ப்பவர்கள் உண்டு. ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நின்று, சலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடுகிறவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

தூக்கம் வாரக்கணக்கில் கெட்டாலோ, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தாலோ ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திவிடக் கூடாது. டெலி-மானஸ் எண் 14416க்குக் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் போவது ஈமானின் குறைவு என்று யாராவது சொன்னால், அவர் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறாரா என்று கேளுங்கள்.

முதலில் மனைவியிடம் முழுக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். பாதி சொல்வது சொல்லாததைவிட மோசம். கையில் உள்ளது, வர வேண்டியது, கொடுக்க வேண்டியது என மூன்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். கடனை எழுதி வைக்கச் சொல்கிறது நம் மார்க்கம், சூரா அல்பகராவின் 282ஆம் வசனம். கடன்காரர் தேடி வருமுன் நாமே போய், "நிலைமை இது, இத்தனை மாதம் தாருங்கள்" என்று சொன்னால் பெரும்பாலும் தருவார். போன் எடுக்காதவருக்குத்தான் தர மாட்டார்.

நகையைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். மஹரும், மனைவிக்கென்று கொடுத்த நகையும் மனைவியின் சொத்து. அவர் மனமுவந்து தந்தாலொழிய கணவன் தொட உரிமையில்லை. கடனாக வாங்கினால் அதுவும் அந்தத் தாளில் ஏற வேண்டும். அவர் சம்மதித்தால், அடகு வைப்பதைவிட ஒன்றிரண்டை விற்றுவிடுவதே மேல் என்பது என் கருத்து. வட்டியின் பாவம் ஒருபுறம் இருக்கட்டும். வருமானம் இல்லாதவன் எதைக் கொண்டு நகையை மீட்பான்?

பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் அடுத்த பெரிய பாரம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை இருந்தால் அரசுப் பள்ளியை யோசிக்கலாம். 6 முதல் 12 வரை அங்கே படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் உண்டு. இதில் கௌரவக் குறைச்சல் எங்கே இருக்கிறது?

ஜகாத் பெறுவோர் எட்டுப் பிரிவினரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். சொந்த வீடு இருக்கிறது, வாசலில் பைக் நிற்கிறது, அவருக்கு எப்படி என்று பைத்துல்மால் நிர்வாகிகள் தயங்குகிறார்கள். கேட்கக் கூச்சப்படுவதால் வசதியானவர் போலத் தெரிகிறவர்களைக் குர்ஆனே அடையாளம் காட்டியிருக்கிறது. வட்டியில்லாக் கடனாகவோ ஜகாத்தாகவோ பெயர் வெளியே தெரியாமல் கொடுக்க ஜமாஅத்தில் இருவர் மட்டும் அறிந்த ஏற்பாடு இருந்தாலே போதும்.

அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவில் வணிகராக இருந்தவர். ஹிஜ்ரத்தில் எல்லாவற்றையும் விட்டு வெறுங்கையோடு மதீனா வந்தார். ஸஅத் பின் ரபீஉ (ரலி) தன் சொத்தில் பாதியைத் தர முன்வந்தும் சந்தைக்கு வழி கேட்டுப் போய், பாலாடைக்கட்டியும் நெய்யும் விற்றார். இதை நாம் சுயமரியாதைக்கு உதாரணமாகச் சொல்கிறோம், சரிதான். ஆனால் தன்னிடம் ஒன்றுமில்லை என்பதை அவர் மறைக்கவில்லை, சில்லறை வியாபாரத்துக்கு வெட்கப்படவும் இல்லை. பாதியைத் தருகிறேன் என்று சொல்ல ஒரு ஸஅத்தும் அங்கே இருந்தார்.

எங்கள் தெருக்காரர் எட்டாவது மாதம், தேநீர்க் கடையில் அதே கேள்வியைக் கேட்ட ஒரு பெரியவரிடம், "கேன்சல்ல வந்துட்டேன் மாமா" என்று சொல்லிவிட்டார். "என் மகனும் அப்படித்தாம்ப்பா வந்து கிடக்கான்" என்றார் பெரியவர். இப்போது அந்த இருவரும் சேர்ந்து ஏசி பழுது பார்க்கும் வேலைக்குப் போகிறார்கள்.

இன்னும் அங்கேயே இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வேலையை விட்டு நீக்கும்போது ராஜினாமாத் தாளை நீட்டினால் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சவூதிச் சட்டப்படி முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளமும் அதற்குப் பின் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளமும் பணிக்கொடை. 2,000 ரியால் சம்பளத்தில் எட்டு ஆண்டு வேலை பார்த்தவரை நிறுவனம் நீக்கினால் 11,000 ரியால். அவரே ராஜினாமா செய்ததாக எழுதிக் கொடுத்தால் மூன்றில் இரண்டு பங்கு, 7,333 ரியால்தான். நம் தெருக்காரர் இழந்தது இந்த வித்தியாசத்தைத்தான். அமீரகத்தில் 2023 முதல் வேலையிழப்புக் காப்பீடு இருக்கிறது. 16,000 திர்ஹம் வரை அடிப்படைச் சம்பளம் உள்ளவர்களுக்கு மாதம் 5 திர்ஹம்தான் சந்தா. தொடர்ந்து 12 மாதம் கட்டியிருந்தால், அடிப்படைச் சம்பளத்தில் 60 விழுக்காடு மூன்று மாதம் வரை கிடைக்கும். வேலை போன 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது, நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டவருக்கும் கிடையாது. டிக்கெட் போடுமுன் இதைப் பாருங்கள்.

மறுபடி பயணம் போக முடிவெடுத்தால் ஏஜென்டின் பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய அதிகபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான். "விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று சொல்கிறவர் கையில் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள்.