அடுக்களையில் ஓர் அரிச்சுவடி

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். சான் அந்தோனியோ, சாந்தா ஃபே, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் பிரான்சிஸ்கோ! புனித அந்தோணியார், புனித விசுவாசம், வானதூதர்கள், புனித பிரான்சிஸ் என்பன இவற்றின் பொருள். ஆங்கிலம் வழங்கும் நாட்டில் இப்பெயர்கள் எவ்வாறு வந்தன என்று நாங்கள் வியந்தோம். இவை ஸ்பானியப் பெயர்கள். அப்பகுதிகள் ஒரு காலத்தில் ஸ்பெயினுக்கும், பின்னர் மெக்சிகோவுக்கும் உரியவையாய் இருந்தன. 1836இல் டெக்சாஸ் மெக்சிகோவிலிருந்து பிரிந்தது. 1848ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கலிபோர்னியா முதலிய பகுதிகள் அமெரிக்காவுக்குச் சென்றன. அதன் பின்னும் மெக்சிகோவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மக்கள் குடியேறி வந்தனர். இன்று அந்நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்டோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகின்றனர்.

இத்தனை பேர் பேசும் மொழிக்கு என்ன குறை என்று கேட்பீர்கள். குறை வீட்டுக்குள்ளேதான் தொடங்குகிறது. குடியேறிய பாட்டிக்கு ஸ்பானியம் மட்டுமே தெரியும். அவர் மகளுக்கு இரு மொழிகளும் தெரியும். பேத்திக்கோ பெரும்பாலும் ஆங்கிலம் மட்டுமே வரும். ஒரே மேஜையில் உணவருந்தும் பாட்டியும் பேத்தியும் மனம் விட்டுப் பேச இயலாமல் புன்னகை மட்டும் செய்துகொள்ளும் நிலையை எண்ணிப் பாருங்கள்!

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை கூறுதல் தகாது. முற்காலத்தில் அங்குள்ள பல பள்ளிகளில், விளையாட்டுத் திடலில் ஸ்பானியம் பேசிய பிள்ளைகளும் தண்டிக்கப்பட்டனர். 1968இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாணவ மாணவியர் வகுப்புகளை விட்டு வெளியேறிப் போராடினர். தம் மொழிக்கு இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. தாம் பட்ட அவமானம் தம் மக்களுக்கு வேண்டாம் என்று கருதியே பல பெற்றோர் வீட்டிலும் ஆங்கிலத்துக்கு மாறினர். கலிபோர்னியாவில் 1998இல் இருமொழிக் கல்வியைப் பெரிதும் குறைத்த சட்டம், 2016இல் மக்கள் வாக்கெடுப்பால் நீக்கப்பட்டது. ஆயினும், பள்ளி தந்தாலும் தராவிட்டாலும், மொழி வேர்விடும் இடம் வீடே. அதனை அங்குள்ள தாய்மார்கள் எவ்வாறு செய்கின்றனர் என்பதைக் காண்போம்.

முதல் வகுப்பறை அடுக்களை. சோளமாவைத் தட்டி ‘தொர்த்தியா’ என்னும் ரொட்டி சுடும்போது, ‘உப்பைக் கொடு’ என்பதைத் தாய் ஸ்பானியத்தில் கூறுகிறார். உப்பு கையில் வரும்போதே ‘சால்’ என்ற சொல்லும் மனத்தில் பதிகிறது. அம்மொழியில் உயிரற்ற பொருள்களுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. மேஜை பெண்பால், அது ‘லா மேசா’. (நம் ‘மேசை’ என்னும் சொல், ஸ்பானியத்தின் உடன்பிறப்பான போர்த்துக்கீசியத்திலிருந்து வந்ததே!) குவளை ஆண்பால், அது ‘எல் வாசோ’. சிவப்பு மேஜை என்றால் ‘ரோஹா’, சிவப்புக் குவளை என்றால் ‘ரோஹோ’ என்று நிறத்தின் பெயரும் மாறும். புத்தகத்தில் படித்தால் தலைசுற்றும் இவ்விலக்கணம், நாள்தோறும் உணவு மேஜையை ஒழுங்கு செய்யும் சிறுமிக்குத் தானாகவே வந்துவிடுகிறது.

இரண்டாவது, விளையாட்டு. மெக்சிகோ மக்களின் ‘லொத்தேரியா’ ஏறக்குறைய நம் தம்போலா போன்றது. ஆனால் எண்களுக்குப் பதில் படங்கள் அழைக்கப்படும். சேவல், சூரியன், நிலா, ரோஜா, தர்ப்பூசணி என 54 சீட்டுகள் உண்டு. ஒவ்வொருவரின் அட்டையிலும் 16 படங்கள் இருக்கும். அழைக்கப்படும் படத்தின் மீது ஒரு பயற்றங்கொட்டையை வைக்க வேண்டும். எழுத்தறியாச் சிறு குழந்தையும் பாட்டியுடன் சரிசமமாக அமர்ந்து ஆடலாம். வெல்லும் ஆவலில் காது கூர்மையாகிறது, சொற்களும் சேர்கின்றன.

மூன்றாவது, திருநாட்கள். டிசம்பர் 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் ‘லாஸ் போசாதாஸ்’ கொண்டாடப்படுகிறது. சூசையப்பரும் மரியன்னையும் தங்க இடம் தேடி அலைந்ததை நினைத்து, ஒரு கூட்டம் வீதியில் நின்று இடம் கேட்டுப் பாடும். மற்றொரு கூட்டம் வீட்டுக்குள்ளிருந்து மறுத்துப் பாடும். இறுதியில் கதவு திறக்கும். வினாவும் விடையுமாய் அமைந்த அப்பாடல்களை ஒன்பது நாளும் பாடும் பிள்ளைக்கு உரையாடல் பழக்கம் வராமற் போகுமா? பின்னர் மிட்டாய் நிறைந்த ‘பிஞாத்தா’வைக் கண்ணைக் கட்டிக்கொண்டு கோலால் உடைப்பார்கள். இச்சொல்லில் உள்ள ‘ஞ’ ஒலி ஆங்கில எழுத்துகளில் இல்லை. ஸ்பானியம் அதற்குத் தனி எழுத்தே வைத்திருக்கிறது, நம் தமிழைப் போல!

நான்காவது, பழமொழி. ‘மணி மணியாய்ப் பொறுக்கியே கோழி தன் இரைப்பையை நிரப்புகிறது’ என்பது ஒரு ஸ்பானியப் பழமொழி. நம் ‘சிறுதுளி பெருவெள்ளம்’ நினைவுக்கு வருகிறதல்லவா? நாளுக்கொரு பழமொழி சொல்லும் தாத்தா, மொழியோடு வாழ்வையும் கற்பிக்கிறார். நம் ‘நீ’, ‘நீங்கள்’ போல அங்கும் ‘தூ’, ‘உஸ்தெத்’ என இரு சொற்கள் உண்டு. பல குடும்பங்களில் பெரியோரிடம் ‘உஸ்தெத்’ என்றே பேச வேண்டும். ஆங்கிலத்தின் ஒரே ‘யூ’வில் இம்மரியாதையைக் கற்க வழியில்லை.

இவற்றிற்கெல்லாம் மேலான விதி ஒன்று உண்டு, அது சிரிக்காதிருத்தல். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்கு ஸ்பானியத்தில் ‘நோ சே’ என்று சொல்ல வேண்டும். அங்கு வளரும் பிள்ளைகள் சிலர் ‘நோ சாபோ’ என்று சொல்லிவிடுவர். அதனால் ஸ்பானியம் சரியாக வராத பிள்ளைகளுக்கு ‘நோ சாபோ பிள்ளைகள்’ என்று கேலிப் பெயரே ஏற்பட்டுவிட்டது. சற்றுச் சிந்தித்தால் அப்பிள்ளையின் அறிவு விளங்கும். ‘உண்ணுதல்’ என்பது ‘கொமேர்’. ‘நான் உண்கிறேன்’ என்பது ‘கோமோ’. அப்படியானால் ‘அறிதல்’ என்னும் ‘சபேர்’, ‘சாபோ’ ஆவதுதானே முறை? குழந்தை விதியைச் சரியாகவே கற்றிருக்கிறது. விதிவிலக்கைத்தான் இன்னும் கற்கவில்லை. கேலி செய்தால் அது வாயை மூடிக்கொள்ளும். அன்புள்ள தாயோ, ‘அப்படியா, நோ சேயா?’ என்று சரியான சொல்லைத் தாமே சொல்லிவிட்டு, பேச்சைத் தொடர்வார். பிள்ளை ஆங்கிலத்தில் விடை சொன்னாலும் சலியாது ஸ்பானியத்திலேயே பேசுவார்.

இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு தொர்த்தியா, ஒரு கைப்பிடிப் பயறு, சிறிது பொறுமை ஆகியவை போதும். இவற்றால் ஒரு பேத்தி தன் பாட்டியின் கதையைப் பாட்டியின் சொற்களிலேயே கேட்கிறாள். அன்புப் பெற்றோர்களே, தோழியரே! எந்த மொழியானாலும் அது வீட்டில் புழங்கும் வரையே வாழும். இன்று மாலை அடுக்களைக்குள் செல்லும்போது நாமும் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்போமாக.