கருவி ஒலித்ததும் தோண்டலாமா?

தஞ்சோங் பகார் ரயில் நிலையத்திலிருந்து கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி இரவு புறப்பட்டது. மறுநாள், மலேசிய ரயில்வே வசமிருந்த நிலம் சிங்கப்பூர் அரசிடம் திரும்பியது. இப்படிப்பட்ட பழைய இடங்கள், உலோகம் கண்டறியும் கருவியுடன் நாணயம், மோதிரம் தேடுவோரை ஈர்ப்பவை. ஆனால், காலியாகக் கிடந்தாலும் நிலத்துக்கு உரிமையாளர் உண்டு.

அரசு நிலமென்றால் சிங்கப்பூர் நில ஆணையத்திடமும், பூங்காவென்றால் தேசியப் பூங்காக் கழகத்திடமும், கூட்டுரிமைக் குடியிருப்பென்றால் அதன் நிர்வாகத்திடமும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். எங்கே, என்றைக்கு, எவ்வளவு ஆழம் தோண்டலாம், கிடைப்பது யாருக்குச் சேரும் என்பதை எழுத்தில் பெறுவது நல்லது.

அனுமதி வெறும் மரியாதைக்காக அல்ல. கருவி மோதிரத்துக்கும் ஒலிக்கும், வெடிகுண்டுக்கும் ஒலிக்கும். தஞ்சோங் பகாருக்கு அருகே ஜியாக் சுவான் சாலைக் கட்டுமானத் தளத்தில் 2019 நவம்பரில் இரண்டாம் உலகப் போர்க்காலக் குண்டு கிடைத்தது. எடை 50 கிலோ. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமாவில் 100 கிலோ குண்டை அழிப்பதற்காக ஏறத்தாழ 4,000 பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது.

மண்ணுக்குள் துருப்பிடித்த குண்டு போன்ற பொருள் தென்பட்டால் தொடக்கூடாது. விலகி நின்று, உடனே 999 எண்ணில் காவல்துறையை அழைக்க வேண்டும்.