மகிழ்ச்சிப் பரபரப்பும் உறக்கமும்

மறுநாள் நடக்கவிருக்கும் ஒன்றை எண்ணி மனம் பரபரப்பாக இருக்கும்போது, உடல் களைத்திருந்தும் உறக்கம் வராமல் போவது பெரும்பாலோர் அறிந்த அனுபவம். தீபாவளிக்கு முந்தைய இரவில் புத்தாடையும் பட்டாசும் நினைவில் சுழலக் கண் மூடாத குழந்தைகள், சுற்றுலாவுக்கு முந்தைய இரவில் விழித்துக் கிடக்கும் மாணவர்கள், முகூர்த்தத்தை எதிர்நோக்கும் மணமக்கள், முதல் வேலையில் சேரப் போகிறவர்கள் என இதற்கு எடுத்துக்காட்டுகள் பல. கவலையால் உறக்கம் கெடுவது பற்றி நிறைய எழுதப்படுகிறது. மகிழ்ச்சியால் கெடுவது பற்றிக் குறைவாகவே பேசப்படுகிறது. ஆனால் உடலைப் பொறுத்தவரை இரண்டும் நெருங்கிய உறவினர்கள். இரண்டிலும் இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்துகின்றன. இது நோய் அன்று. ஓரிரு இரவுகளில் தானே சரியாகிவிடும். எனினும் அந்த ஓர் இரவை எப்படிக் கழிப்பது என்பதற்கு அறிவியல் அடிப்படையிலான சில விடைகள் உள்ளன.

களைப்பு இருந்தும் விழிப்பு ஏன்?

உறக்கத்தை வரவழைப்பவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரம் கூடக் கூட மூளையில் சேரும் உறக்க அழுத்தம். அடினோசின் என்னும் வேதிப்பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. மற்றொன்று, பகல் இரவுக்கு ஏற்ப இயங்கும் உடல் கடிகாரம். இவ்விரண்டும் சேர்ந்தே உறக்கத்தின் நேரத்தை முடிவு செய்கின்றன என்ற கருத்தை 1982இல் சுவிட்சர்லாந்தின் அலெக்சாண்டர் போர்பெலி முன்வைத்தார். உறக்க அறிவியலின் அடிப்படைப் பாடம் இன்றும் இதுவே.

ஆனால் இவற்றை மட்டும் வைத்துத் தீபாவளி இரவை விளக்க முடியாது. பகலெல்லாம் ஓடியாடிய குழந்தைக்கு உறக்க அழுத்தம் போதிய அளவு இருக்கிறது. மணியும் 10ஐத் தாண்டிவிட்டது. ஆனாலும் உறக்கம் இல்லை. மூன்றாவதாக ஒன்று குறுக்கே நிற்கிறது. அதுவே மூளையின் விழிப்பூட்டும் அமைப்பு.

இந்த அமைப்பைப் பற்றிய முதல் தடயம் ஒரு கொள்ளை நோயிலிருந்து கிடைத்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவில் மூளை அழற்சி நோய் ஒன்று பரவியது. அதில் சிலர் நாள் முழுவதும் உறங்கினர். வேறு சிலருக்கு உறக்கமே வரவில்லை. இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்த வியன்னா மருத்துவர் கான்ஸ்டன்டின் ஃபான் எகானமோ, ஓயாமல் உறங்கியவர்களுக்கு ஹைப்போதலாமசின் பின்பகுதியும், உறக்கம் இழந்தவர்களுக்கு அதன் முன்பகுதியும் சிதைந்திருப்பதைக் கண்டார். அதாவது, விழிக்க வைப்பதற்கு ஓரிடமும் உறங்க வைப்பதற்கு வேறோர் இடமும் மூளையில் உள்ளன. இவை ஒன்றையொன்று அடக்கும் தன்மை கொண்டவை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. வழக்கமான இரவில் ஒன்று ஓங்க, மற்றது அடங்கிவிடும்.

பரபரப்பான இரவில் இந்த ஒழுங்கு குலைகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், வேறோர் ஆண் எலி தங்கியிருந்த அழுக்குக் கூண்டில் எலிகள் விடப்பட்டன. தன் எல்லையைக் காக்கும் விலங்குக்கு இது பெரும் பதற்றம் தருவது. பல மணி நேரத்துக்குப் பின்பும் அவற்றால் சரியாக உறங்க முடியவில்லை. அவற்றின் மூளையில் உறங்க வைக்கும் பகுதியும் விழிக்க வைக்கும் பகுதியும் ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருந்தன. "தூக்கம் கண்ணைச் சுற்றுகிறது, ஆனால் வர மாட்டேன் என்கிறது" என்று நாம் சொல்லும் நிலைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது.

எலிகள் பட்டது பதற்றம். மகிழ்ச்சிக்கு என்ன சான்று? 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், எதிர்பார்ப்போடும் வெகுமதியோடும் தொடர்புடைய டோபமைன் நரம்பணுக்களைச் சுண்டெலிகளில் ஆராய்ந்தனர். அந்த அணுக்களை அடக்கியபோது, சுவையான உணவும் இணையும் எதிரில் இருந்தும் சுண்டெலிகள் கூடு கட்டிக்கொண்டு உறங்கப் போயின. எதிரி விலங்கின் வாடைக்கும் அவை அசையவில்லை. நல்லது ஒன்று வரப்போகிறது என்ற எதிர்பார்ப்புக்கே விழிக்க வைக்கும் ஆற்றல் உண்டு என்பது இதிலிருந்து புலப்படுகிறது. நிகழ்ச்சி முடிந்த இரவைவிட அதற்கு முந்தைய இரவில் உறக்கம் அதிகம் கெடுவதும் வியப்பன்று.

சீக்கிரம் படுப்பதில் உள்ள சிக்கல்

அதிகாலை 3 மணிக்கு எழ வேண்டும் என்றால், "இன்றைக்கு 8 மணிக்கே படுத்துவிடு" என்று வீட்டில் சொல்வார்கள். நல்லெண்ணத்தில் சொல்லப்படும் இந்த அறிவுரை பெரும்பாலும் பலிப்பதில்லை. காரணம் உடல் கடிகாரத்தில் இருக்கிறது. வழக்கமான உறக்க நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரத்தில் அந்தக் கடிகாரம் நம்மை மிக வலுவாக விழிக்க வைக்கிறது. நாள் முழுவதும் சேர்ந்த களைப்பை அது அப்போது ஈடுகட்டுகிறது.

இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி இதை ஒரு விந்தையான முறையில் காட்டினார். ஆய்வில் பங்கேற்றவர்கள் 7 நிமிடம் படுத்து உறங்க முயல வேண்டும். பிறகு 13 நிமிடம் எழுந்திருக்க வேண்டும். இதுவே 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரவு பகலாகத் தொடர்ந்தது. முந்தைய இரவு உறங்காதவர்களுக்கும்கூட மாலையின் பிற்பகுதியில் உறக்கம் வருவது மிகக் கடினமாக இருந்தது. சிறிது நேரம் கழித்து, கதவு திறந்தாற்போல உறக்கம் வந்தது. 1986இல் வெளியான கட்டுரையில் அந்தக் கடின நேரத்தை அவர் உறக்கத்தின் தடை மண்டலம் என்று குறிப்பிட்டார்.

ஆகவே 11 மணிக்கு உறங்கும் பழக்கமுள்ளவர் 8 மணிக்குப் படுத்தால், தடை மண்டலத்துக்குள்ளேயே போய்ப் படுக்கிறார். அதோடு பரபரப்பும் சேரும்போது இரண்டு மூன்று மணி நேரம் புரள்வது உறுதி. அந்தப் புரளலே "இன்றைக்கு உறக்கம் போச்சு" என்ற எண்ணத்தை வளர்க்கிறது. வழக்கமான நேரத்துக்கு அரை மணி முன்னதாகப் படுப்பது போதும். முன்கூட்டியே திட்டமிட முடிந்தால், நிகழ்ச்சிக்கு முந்தைய நான்கைந்து நாட்கள் நன்றாக உறங்கிவைப்பது இதைவிடப் பயன் தரும்.

உறங்க முயல்வதால் வரும் விழிப்பு

மற்ற வேலைகளில் முயற்சி கூடினால் பலன் கூடும், உறக்கத்தில் அப்படியில்லை. "உறங்கியே ஆக வேண்டும்" என்ற முனைப்பும் ஒரு பரபரப்புதான். மணி பார்ப்பது இதில் மிக மோசமானது. "இப்போது உறங்கினால் நான்கு மணி நேரம், இனி உறங்கினால் மூன்றரை" என்று கணக்குப் போடும் மனம் எப்படி அடங்கும்? கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, எழுப்பு மணி வைத்த கைப்பேசியை எட்டாத இடத்தில் வைத்துவிடுவது நல்லது.

வியன்னா மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் இதற்குத் தலைகீழான வழி ஒன்றைச் சொன்னார்: விளக்கை அணைத்துவிட்டு, கண்ணைத் திறந்தபடி, விழித்திருக்க முயல்வது. முயற்சியின் திசை மாறியதும் உறங்க வேண்டுமே என்ற அழுத்தம் விலகுகிறது. உறக்கமின்மைக்கான உளவியல் சிகிச்சையில் இம்முறை இன்றும் இடம்பெறுகிறது. கைப்பேசியைப் பார்த்தபடி விழித்திருப்பது இதில் சேராது.

பரபரப்பைத் தணிக்கும் வழிகள்

எண்ணங்களைத் தலையிலிருந்து தாளுக்கு இறக்குவது எளிய வழி. அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் நடந்து, 2018இல் வெளியான ஆய்வில், படுக்குமுன் 5 நிமிடம் ஒரு பிரிவினர் இனிச் செய்ய வேண்டியவற்றையும் மற்றொரு பிரிவினர் செய்து முடித்தவற்றையும் எழுதினர். முன்னவர்கள் ஏறத்தாழ 9 நிமிடம் விரைவாக உறங்கினர். பட்டியல் விரிவாக இருந்த அளவுக்குப் பலனும் கூடியது. "பை எடுக்க வேண்டும்" என்று எழுதுவதைவிட "துண்டு, பல்துலக்கி, அடையாள அட்டை, தண்ணீர் பாட்டில்" என்று எழுதுவது மேல். முடிந்தால் பையைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டே படுக்கலாம்.

படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு முன் வெந்நீரில் குளிப்பதும் உதவும். வெந்நீர் கை கால்களுக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. அதன் வழியே உடலின் உள்வெப்பம் வெளியேறுகிறது. உள்வெப்பம் இறங்குவது உறக்கத்துக்கான அறிகுறிகளுள் ஒன்று. குளித்த கையோடு படுத்தால் இந்தப் பலன் குறையும்.

மூச்சை மெதுவாக இழுத்து அதைவிட மெதுவாக விடும்போது இதயத் துடிப்பு தணிகிறது. எத்தனை எண்ணும்வரை இழுப்பது, எத்தனை எண்ணும்வரை அடக்குவது என்று காணொளிகளில் சொல்லப்படும் கணக்குகளுக்குப் பெரிய முக்கியத்துவம் தேவையில்லை. வெளிமூச்சு நீளமாகவும் இயல்பாகவும் இருந்தால் போதும். குழந்தைகளுக்கு இதைவிடக் கதை பலன் தரும். ஏற்கெனவே பலமுறை கேட்ட கதையாக இருக்க வேண்டும். புதுக்கதை "அப்புறம்?" என்ற ஆவலைக் கிளப்பிவிடும்.

ஏறத்தாழ 20 நிமிடம் ஆகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்கார்ந்து, சலிப்பூட்டும் ஏதேனும் செய்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்பலாம். படுக்கைக்கும் விழிப்புக்கும் மனத்தில் முடிச்சு விழாமல் காக்கும் இம்முறையை 1972இல் ரிச்சர்டு பூட்சின் உருவாக்கினார்.

மாலையில் குடித்த காப்பியையும் மறக்கக் கூடாது. அதிலுள்ள கஃபீன் மூளையில் அடினோசின் வேலை செய்வதைத் தடுக்கிறது. உடலிலுள்ள கஃபீனின் அளவு பாதியாகக் குறைய ஏறக்குறைய 5 மணி நேரம் பிடிக்கும். ஆதலால் 6 மணிக் காப்பியில் பாதி, 11 மணிக்கும் வேலையில் இருக்கிறது. மது விரைவாக உறங்க வைப்பதுபோலத் தோன்றினாலும் பின்னிரவு உறக்கத்தைக் குலைக்கிறது. சளி, ஒவ்வாமை மாத்திரைகளில் சில மூளையின் ஹிஸ்டமைனைத் தடுப்பதால் உறக்கம் வரும். அந்த மந்தம் மறுநாள் காலையிலும் நீடிக்கும். தேர்வுக்கோ பயணத்துக்கோ முந்தைய இரவு அவற்றைத் தூக்க மாத்திரையாக எடுத்துக்கொள்வது சரியன்று.

மறுநாள்

ஓர் இரவு உறக்கம் குறைந்ததால் தேர்வோ போட்டியோ பாழாகிவிடுவதில்லை. முக்கியப் போட்டிக்கு முன் சரியாக உறங்காத விளையாட்டு வீரர்கள் ஏராளம். அவர்கள் களத்தில் இறங்கி ஆடத்தான் செய்கிறார்கள். அடுத்த இரவில் ஆழ்ந்த உறக்கத்தின் அளவைக் கூட்டி மூளை இழப்பை ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். விழித்துக் கிடந்த நேரத்தை உண்மையைவிட மிகுதியாக மதிப்பிடும் இயல்பும் பலருக்கு உண்டு.

வாகனம் ஓட்டுகிறவருக்கு மட்டும் இந்த ஆறுதல் பொருந்தாது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் அனுமதிக்கும் வரம்பு 0.03 விழுக்காடுதான். கல்யாண வேனும் சுற்றுலா வேனும் கிளம்பும் பின்னிரவு, உடல் கடிகாரம் நம்மை உறங்கச் சொல்லும் நேரமும் ஆகும். உள்ளே இருப்பவர்கள் பாட்டும் கூத்துமாக விழித்திருக்கலாம். ஓட்டுநர் முதல் நாள் உறங்கினாரா என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்வதும், இல்லையென்றால் விடிந்தபின் கிளம்புவதும் அவசியம்.

மருத்துவரை நாட வேண்டிய நிலை

பரபரப்புக்குக் காரணமான நிகழ்ச்சி முடிந்து வாரக்கணக்கில் ஆகியும் உறக்கம் திரும்பாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு மிகையாகச் சுரப்பதும் சில மருந்துகளும் இதே நிலையை உண்டாக்கும். இன்னொன்றும் உண்டு. தொடர்ந்து சில நாட்கள் இரண்டு மூன்று மணி நேரமே உறங்கியும் களைப்பே இல்லாமல், வழக்கத்துக்கு மாறாக வேகமாகப் பேசிக்கொண்டும், பணத்தை வாரியிறைத்துக்கொண்டும் ஒருவர் இருந்தால் அதை உற்சாகம் என்று விட்டுவிடக் கூடாது. அது இருமுனை மனநிலைக் கோளாற்றின் தொடக்கமாக இருக்கலாம். அந்நிலையில் இருப்பவர் தமக்கு எந்தக் குறையும் இல்லை என்றே சொல்வார். ஆகையால் வீட்டில் உள்ளவர்களே கவனித்து மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.