கடல் தெரியும் வீடா, நல்ல தண்ணிக் கிணறா?

2025 ஏப்ரல் 6, ராமநவமி. புதிய பாம்பன் பாலத்தைப் பிரதமர் திறந்துவைக்க, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் தீவுக்குள் வராமலிருந்த ரயில் மறுபடியும் ராமேஸ்வரம் வந்து சேர்ந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழக பட்ஜெட்டில் ராமேஸ்வரத்துக்கு விமான நிலையம் என்ற அறிவிப்பும் வந்திருந்தது. மனை விளம்பரக்காரர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ‘கடல் பார்த்த மனை’, ‘கோயிலுக்கு மிக அருகில்’, ‘ஓய்வுக்காலத்துக்கு உகந்த இடம்’ என்று சென்னை, மதுரை, பெங்களூரு வரை ஆசை காட்டுகிறார்கள்.

காலம் எப்படி மாறிவிட்டது! அரசு ஊழியரை மிரட்ட வேண்டுமானால், “தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்” என்பதே ஒரு காலத்து வசனம். அந்தக் காடு எது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆட்சியர் அலுவலகமே நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது. ஆட்சி செய்யப் போனவர்கள்கூடக் குடியிருக்கத் தயங்கிய சீமையில், இன்று காசு கொடுத்துக் குடியேற ஆள் வருகிறது.

வரட்டும். ஆனால் வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தக் கரையின் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்புக்கு இடம் பார்த்து வந்தவர்கள். அவர்கள் பார்த்த வரிசையில் முதலில் நல்ல தண்ணி, அடுத்து காற்றும் வெள்ளமும், அதற்கடுத்து அக்கம்பக்கம். கடல் தெரிகிறதா என்பது கடைசிக் கேள்வி. விளம்பரத்தில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது.

வரைபடம் தேர்ந்தெடுத்த ஊர்

வரிசை தலைகீழானால் என்ன ஆகும் என்பதற்கு இதே தீவில் சாட்சி இருக்கிறது. தனுஷ்கோடியைத் துறைமுக நகரமாக்கியது ரயில்வேயும் கப்பலும். 1914-ல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலுக்கு மாறி, அக்கரையில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். வரைபடத்தைப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது; இலங்கைக்கு அதுதான் மிக அருகே. ரயில் நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் வந்தன.

நிலமோ இரு கடலுக்கு நடுவே நீண்டுகிடக்கும் ஒடுங்கிய மணல் திட்டு. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும் அலையும் அந்த ஊரை எடுத்துக்கொண்டு போயின. பாம்பனிலிருந்து போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயில் பெட்டிகளோடு அடித்துச் செல்லப்பட்டது. மாண்டவர்கள் 1,800 பேருக்கு மேல் என்பது மதிப்பீடு. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு தனுஷ்கோடி சுற்றுலாத் தலம் ஆகிவிட்டது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் திரும்பிவிடுகிறார்கள். பிழைப்புக்காக அங்கேயே குடிசை போட்டிருக்கும் மீனவக் குடும்பங்கள் மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்து வாழ்கின்றன. 2025 ஜூனில் அப்பகுதி பூநாரைகளுக்கான சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. போக்குவரத்து வசதி ஓர் ஊரை உண்டாக்கும். அதைக் காப்பாற்றுவது நிலத்தின் கையில்தான் இருக்கிறது.

மணலுக்குள் ஒரு தொட்டி

இந்தச் சீமையில் தண்ணீர் இரண்டு வகை. குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி. மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணி. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நல்ல தண்ணிக்கு நடக்கும் பெண்களை ராமநாதபுரம் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபின் நிலைமை நிறைய மாறியது உண்மை. ஆனால் திருச்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வரும் குழாயின் கடைசி முனையில் இருக்கிறது ராமேஸ்வரம். வழியில் எங்கே உடைந்தாலும் வாடுவது வால்முனைதான்.

சுற்றிலும் கடல் இருக்கும் தீவில் நல்ல தண்ணி எப்படி வந்தது? மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. உப்புநீரைவிட அது எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணி நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு நல்ல தண்ணி இருக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு உறிஞ்சி நீர்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறும். கைவாளியால் இறைத்த காலத்தில் தலைமுறைகளுக்குத் தாங்கிய கிணறு, பக்கத்தில் ஒரு விடுதி ஆழ்துளைக் கிணறு போட்டதும் கரிக்கத் தொடங்குவதன் காரணம் இதுதான்.

ஆகவே மனையைப் பார்க்கப் போனால் முதலில் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு செம்பு மொண்டு குடித்துப் பாருங்கள். மழை முடிந்த மார்கழியில் எந்தக் கிணறும் இனிக்கும். சித்திரை, வைகாசியில் குடிக்க முடிகிறதா என்பதே சோதனை. ஊருணி இன்னும் வேலி கட்டிக் காக்கப்படுகிறதா என்றும் பாருங்கள். ஊருணியைக் காப்பாற்றிய ஊர், மற்ற பொதுக் காரியங்களிலும் ஒழுங்காக இருக்கும்.

ஆண் கடல், பெண் கடல்

தீவின் வடக்கே பாக் நீரிணை. தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிய வடகடலைப் பெண் கடல் என்றும், சீறும் தென்கடலை ஆண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். ஆனால் பெண் கடல் எப்போதும் சாது என்று நம்பி வீடு கட்டக் கூடாது. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தெற்குக் கரை குமுறும். ஐப்பசி தொடங்கி வாடை அடிக்கையில் வடக்குக் கரையின் முறை. காற்றைப் பார்த்துப் படகைக் கரை மாற்றிக் கட்ட மீனவரால் முடியும். கான்கிரீட் வீட்டை மாற்றிக் கட்ட முடியாது.

காற்றோடு வருவது உப்பு. மண்டபம் முகாமில் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது என்றால், இரும்பு இங்கே படும் பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். புதிய ரயில் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலோக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். 550 கோடி ரூபாய்ப் பாலத்துக்கே அந்தப் பாதுகாப்பு வேண்டியிருக்கிறது. சதுர அடிக் கணக்கில் ஒப்பந்தம் பேசும் கட்டடக்காரர் உங்கள் வீட்டுக்கு என்ன கம்பி போடுவார் என்று கேளுங்கள். கடலைப் பார்த்து நிற்கும் வீட்டின் சன்னல் கம்பி, குளிர்பதனப் பெட்டி, மோட்டார் சைக்கிள் எல்லாம் ஊருக்குள் இருப்பதைவிடச் சீக்கிரம் துருவேறும். கடற்காட்சிக்கு ஒருமுறை விலை கொடுத்தால் போதாது. பராமரிப்பாக வருடா வருடம் கட்ட வேண்டும்.

மழையும் ஏமாற்றும். ஆண்டு முழுவதற்குமே சுமார் 80 சென்டிமீட்டர் மழைதான் பெய்யும் மாவட்டம் இது. அப்படிப்பட்ட இடத்தில் 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் மட்டும் 41 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டு மழையில் பாதி, ஒரே நாளில்! தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. வறண்ட சீமையில் வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் போட்ட மனைகளுக்கு அந்த நாள்தான் பதில். இது ராமநாதபுரத்துக்கு மட்டுமான கதையில்லை. 2015 டிசம்பரில் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கின. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூலையில், அதே சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. எது தண்ணியில்லாக் காடு என்பதை அந்த ஆண்டு மாற்றி எழுதியது.

தெருவும் மனிதர்களும்

அப்துல் கலாம் பிறந்து வளர்ந்த பள்ளிவாசல் தெரு, ராமநாதசுவாமி கோயிலிலிருந்து நடக்கும் தூரம். தந்தை ஜைனுலாப்தீனும் கோயிலின் தலைமைக் குருக்கள் லட்சுமண சாஸ்திரியும் நெருங்கிய நண்பர்கள். சீதா ராமர் கல்யாண உற்சவத்துக்கு ராமர் தீர்த்தத்தில் சுவாமியைக் கொண்டுபோகும் படகுகளைக் கலாம் குடும்பம்தான் ஏற்பாடு செய்து வந்தது. தன் சுயசரிதையில் கலாம் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். இப்படியொரு அக்கம்பக்கத்தை எந்த மனை விளம்பரமும் விற்க முடியாது. அது அமைய ஊருக்குப் பொதுவாக ஒரு திருவிழாவும், பொதுவாக ஒரு குளமும், பல தலைமுறைப் பழக்கமும் வேண்டும்.

கீழக்கரையில் இன்னொரு விதம். அங்கே மரைக்காயர் குடும்பங்களில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். ஆண்கள் கொழும்பு, மலேயா, பின்னர் வளைகுடா நாடுகள் என்று பிழைக்கப் போனார்கள். தாய், மகள், பேத்தி எல்லோரும் ஒரே தெருவுக்குள் இருந்ததால் வெளிநாட்டிலிருந்த ஆணுக்கு வீட்டைப் பற்றிய கவலை இல்லை. அங்கே வீடு என்பது சொத்து மட்டுமல்ல, ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட.

இந்த ஊர்க்காரர்கள் சென்னைக்குப் போனபோதும் அதே கணக்கைத்தான் போட்டார்கள். பெருநகரத்தில் எத்தனையோ அகன்ற சாலைகளும் பூங்காக்களும் இருக்க, வணிகம் செய்யப் போன கீழக்கரைக்காரர்கள் திரண்டது நெரிசலான மண்ணடியில். துறைமுகமும் பாரிமுனைக் கடைவீதியும் கூப்பிடு தூரம். பள்ளிவாசலும் பக்கத்தில். எல்லாவற்றுக்கும் மேல் ஊர்க்காரர் இருக்கிறார். புதிதாக வந்த பையனுக்கு முதல் இரவு தங்க இடமும் முதல் வேலைக்குச் சிபாரிசும் அங்கே கிடைத்தன. கனவுப் பேட்டை என்று யாரும் மண்ணடியைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் நிறையப் பேரின் கனவு அங்கிருந்துதான் தொடங்கியது.

எந்த ஊர், யாருக்கு?

*ராமேஸ்வரம்:* தினமும் கோயிலுக்குப் போக வேண்டும் என்பவர்களுக்கு. ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களில் அக்னி தீர்த்தம் பக்கம் வீட்டு வாசலைத் திறக்க முடியாத கூட்டம் இருக்கும். விடுதிகள் பெருகப் பெருகத் தண்ணீரும் கழிவுநீரும் பெரிய பிரச்சினை ஆகின்றன. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களைவிட்டுச் சற்றுத் தள்ளிப் பார்ப்பது நல்லது.

*தங்கச்சிமடம், பாம்பன்:* உயிரோட்டமான மீனவ ஊர்கள். அதிகாலையில் மீன், கடற்கரையில் பாசி எடுக்கும் பெண்கள், தெருவெங்கும் பேச்சு. அமைதியும் ஓய்வும் தேடி வருபவர்கள் கருவாட்டு வாசத்தைக் குறை சொல்லக் கூடாது. மீனவர்கள் ஊருக்கு நீங்கள்தான் விருந்தாளி.

*மண்டபம்:* பாலத்துக்கு இந்தப் பக்கம், தீவுக்கு வெளியே. அதன் அருமை ரயில் நின்றுபோன இரண்டு ஆண்டுகளில் தெரிந்தது. இரு கரையும் பக்கத்தில்; தீவின் நெரிசல் கிடையாது.

*ராமநாதபுரம்:* வயதானவர்களுக்கு என் முதல் சிபாரிசு. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி, அலுவலகங்கள், பள்ளிகள் எல்லாம் இங்கேதான். நடுராத்திரியில் நெஞ்சு வலித்தால் கடற்காட்சி உதவாது. மதுரையும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான தூரம்தான்.

*கீழக்கரை:* உறவும் தொழிலும் அங்கே இருப்பவர்களுக்கு. வெளியாருக்குப் பழைய தெருக்களில் வீடு கிடைப்பது அரிது.

காகிதத்தில் பார்க்க வேண்டியவை

கடலோரத்தில் பட்டா இருந்தால் மட்டும் கட்டிவிட முடியாது. 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் இருக்கின்றன. இப்போது நடப்பிலிருப்பது 2019 அறிவிக்கை. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்த விதிகள் பாயும். மக்கள்தொகை அடர்த்தி குறைந்த கிராமப்பகுதியில் முதல் 200 மீட்டரிலும், அடர்த்தி மிகுந்த கிராமப்பகுதியில் முதல் 50 மீட்டரிலும் புதிய வீடு கட்டத் தடை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவும் சதுப்பும் மணல்மேடும் இருக்கும் பகுதியில் கெடுபிடி இன்னும் கூடுதல். ஆகவே 30 ஆண்டு வில்லங்கச் சான்று, புலப்படம், டி.டி.சி.பி. அனுமதி ஆகியவற்றோடு, கடலோர மண்டல வரைபடத்தில் அந்தச் சர்வே எண் எங்கே விழுகிறது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கடலுக்கு 100 மீட்டரில் மனை என்று விளம்பரம் பெருமை பேசினால், அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலத்தையும் விமான நிலைய அறிவிப்பையும் நம்பி நிலம் வாங்குவது முதலீடு. குடியிருக்க இடம் பார்ப்பது வேறு வேலை. முன்னதற்குப் பணம் இருந்தால் போதும், பின்னதற்கு ஒரு வருடப் பொறுமை வேண்டும். முதலில் வாடகைக்கு ஒரு வருடம் இருங்கள். சித்திரையில் கிணற்றையும், ஆடியில் காற்றையும், ஐப்பசியில் தெருவையும் பாருங்கள். பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியபின் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போனால் போதும்.