உவர்நீர் மீன்தொட்டியும் நீரோட்டமும்

கடல்நீர் ஒரு கணமும் ஓய்ந்திருப்பதில்லை. 2024-ஆம் ஆண்டு முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று வழங்கப்பெறும் போர்ட் பிளேர்க் கரையில் நின்று பார்ப்போர் இதனை எளிதில் உணரலாம். நாள்தோறும் இருமுறை கடல் ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அமாவாசை, பௌர்ணமி நாள்களை ஒட்டி, ஏறிய மட்டத்திற்கும் வற்றிய மட்டத்திற்கும் ஏறக்குறைய 2 மீட்டர் வேறுபாடு காணப்படும். நம் முன்னோர் இதனை ‘ஓதம்’ என்றனர். பவளப் பாறைகளுக்கு உணவையும் பிராணவாயுவையும் கொணர்வதும், கழிவுகளை அகற்றுவதும் இந்த ஓதமும் அலையுமே ஆகும்.

இத்தகைய கடலின் ஒரு துளியைக் கண்ணாடித் தொட்டியில் அடைத்து வீட்டுக் கூடத்தில் வைக்க வேண்டும் என்னும் ஆசை நம்மவரிடையே பெருகி வருகிறது. ஆசை நன்றே. ஆயின் தொட்டிக்குள் அலையும் இல்லை, ஓதமும் இல்லை. அவ்விரண்டின் வேலையையும் ஒரு சிறு பம்பு செய்தாக வேண்டும். அப்பம்பு நின்றால் மீன்களின் உயிரும் நின்றுவிடக்கூடும். எனவே அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையை நேயர்களுக்கு இங்கு விளக்க முற்படுகிறோம்.

முதலில் நீர் ஏன் ஓட வேண்டும் என்பதைக் காண்போம். நீர் சூடேற ஏற, அதில் கரையும் பிராணவாயு குறைகிறது. உப்பு மிகுந்தாலும் அவ்வாறே. 28 பாகை வெப்பமுள்ள கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 6.4 மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்திருக்க முடியும். அதே வெப்பமுள்ள நன்னீரோ 8 மில்லிகிராமை நெருங்கும். காற்றிலிருந்து பிராணவாயு நீருள் நுழைவது நீரின் மேற்பரப்பு வழியாகத்தான். மேற்பரப்பு அசையாது கிடந்தால் அடியிலுள்ள நீருக்கு அது சென்று சேர்வது அரிது. மேலும், மீன்களின் கழிவிலிருந்து தோன்றும் அம்மோனியா கொடிய நஞ்சு. கற்களின் மீதும் மணலிலும் வாழும் நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர் அவற்றின் மேல் ஓடிக்கொண்டிருந்தால்தான் இவ்வேலை நடைபெறும்.

இனி அமைப்பைக் கூறுவோம். தமிழ்நாட்டு நகரங்களில் தரைக்கடியில் ஒரு சம்பும், மாடியில் ஒரு தொட்டியும், இடையே ஒரு மோட்டாரும் இல்லாத வீடு அரிது. உவர்நீர்த் தொட்டியின் அமைப்பும் அதுவே. மேலே மீன்கள் வாழும் கண்ணாடித் தொட்டி; கீழே, பலகைப் பீடத்திற்குள், சம்பு. மேல்தொட்டியின் விளிம்பிலுள்ள சீப்புப் போன்ற தடுப்பின் வழியாக நீர் வழிந்து, குழாய் மூலம் கீழே இறங்குகிறது. சம்பில் துணிவடிகட்டியும், நுரை எழுப்பிக் கழிவுகளைப் பிரிக்கும் கருவியும் நீரைத் தூய்மை செய்கின்றன. தூய நீரை மீண்டும் மேலே அனுப்புவதே நாம் கூறும் பம்பின் பணி.

எவ்வளவு நீரை அனுப்ப வேண்டும்? பெரிய பம்பே நல்ல பம்பு என்று பலர் கருதுகின்றனர். கோவையில் செய்யப்பெறும் கிணற்று மோட்டார்களைக் கண்டு பழகிய கண்களுக்கு இது இயல்பே. ஆயினும் இங்கு அக்கருத்துப் பொருந்தாது. நீர் மிக விரைந்து ஓடினால் வழியும் குழாய் தாங்காது, இரைச்சல் எழும், காற்றுக் குமிழிகள் மேல்தொட்டியை நிறைக்கும், மின்செலவும் கூடும். தொட்டியின் நீர் முழுவதும் மணிக்கு 3 முதல் 5 முறை வரை சம்பின் வழியாகச் சுற்றி வந்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 100 சென்டிமீட்டர் நீளமும், 50 சென்டிமீட்டர் அகலமும், 50 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தொட்டி 250 லிட்டர் கொள்ளும். மணிக்கு 5 முறை என்றால் 1,250 லிட்டர் தேவை. கடைக்காரர் 1,250 லிட்டர் என்று எழுதிய பெட்டியை எடுத்து நீட்டுவார். அதனை வாங்குவோர் ஏமாறுவர். பெட்டியின் மேலுள்ள எண், நீரைச் சிறிதும் உயர்த்தாதபோது கிடைக்கும் அளவாகும். ஏற்றம் இறைத்தவர் அறிவர்: கிணறு ஆழமாக ஆழமாக, ஒரு நாழிகையில் வாய்க்காலுக்கு வரும் தண்ணீர் குறையும். பம்புக்கும் விதி அதுவே.

சம்பின் நீர்மட்டத்திலிருந்து மேல்தொட்டியின் நீர்மட்டம் வரை 1.25 மீட்டர் உயரம் எனக் கொள்வோம். குழாயின் வளைவுகளிலும் அடைப்பானிலும் உண்டாகும் உராய்வுக்காக இன்னும் அரை மீட்டர் சேர்ப்போம். ஆக 1.75 மீட்டர். பம்பின் பெட்டியில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று மணிக்கு எத்தனை லிட்டர் என்பது, மற்றொன்று மிகுதியாக எத்தனை மீட்டர் உயர்த்தும் என்பது. அந்த மிகுதியான உயரத்தில் ஒரு துளி நீரும் வெளிவராது. மணிக்கு 3,000 லிட்டர், 3.5 மீட்டர் என்று குறித்த பம்பை எடுத்தால், நமது 1.75 மீட்டர் அதில் சரிபாதி. எனவே நீரும் ஏறக்குறைய பாதி, அதாவது 1,500 லிட்டர் கிடைக்கும். இது தோராயமே. தயாரிப்பாளர் தரும் வரைபடம் கிடைத்தால் அதனையே நம்புதல் நலம். தேவைக்குச் சற்று மேலாகவே பம்பைத் தேர்ந்து, மேலே செல்லும் குழாயில் ஓர் அடைப்பான் பொருத்தி ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நீரை உறிஞ்சும் பக்கத்தை மட்டும் ஒருபோதும் நெருக்கக் கூடாது. குழாயின் அகலம் பம்பின் வாயைவிடக் குறுகலாகவும் இருக்கலாகாது.

பொருத்திய பின் சரிபார்ப்பதும் எளிது. 10 லிட்டர் வாளி ஒன்றும் கடிகாரமும் போதும். வாளி 24 வினாடியில் நிறைந்தால் மணிக்கு 1,500 லிட்டர் என்று கொள்க.

தொட்டிக்கு உள்ளே வேண்டிய அசைவு வேறு. அதற்கு நீரை உயர்த்தாமல் தள்ளிவிடும் சிறிய சுழற்றிகள் உள்ளன. இரண்டை எதிரெதிர் மூலைகளில் வைத்து மாற்றி மாற்றி இயக்கினால், ஓதம் திசை மாறுவதைப் போன்ற நிலை தோன்றும். மீன்கள் மட்டும் உள்ள தொட்டிக்கு மணிக்கு 10 முதல் 20 மடங்கு அசைவு போதுமானது. கடினப் பவளங்களுக்கு இன்னும் மிகுதி வேண்டும் என்று அயல்நாட்டு நூல்கள் கூறும். நமக்கோ அந்தக் கவலை இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 2001 முதல் பாறை கட்டும் பவளங்களும் கடற்குதிரைகளும் காக்கப்பட்டவை. கடலிலிருந்து அவற்றை எடுப்பது குற்றமாகும். மீன்களிலும், குஞ்சகத்தில் பிறந்து வளர்ந்த கோமாளி மீன் போன்றவற்றை நாடுவதே முறை. மண்டபத்திலுள்ள மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இவற்றைத் தொட்டியிலேயே இனம் பெருக்கும் முறையைக் கண்டு பரப்பியுள்ளனர்.

தீவுகளில் வாழ்வோர் மறக்கலாகாத செய்தி ஒன்று உண்டு. நாட்டின் பெரிய மின்வலை இங்கு வந்து சேரவில்லை. பெரும்பாலும் டீசல் இயந்திரங்களே மின்சாரம் தருகின்றன. வடக்கு அந்தமானில் கல்பாங் நீர்மின் நிலையமும், நெய்வேலி நிறுவனத்தார் தெற்கு அந்தமானில் அமைத்த 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் துணை செய்கின்றன. எனினும் மின்தடை புதிதன்று. நமக்கு அறிமுகமான ஓர் இல்லத்தில் இரவில் மின்சாரம் நின்றது. விடியற்காலையில் கூடம் முழுவதும் உப்புநீர். தொட்டியில் மிதந்தவை ஏழு மீன்கள். குழந்தைகள் பல நாள் அந்தப் பக்கமே செல்லவில்லை.

அங்கு நிகழ்ந்தது இதுதான். பம்பு நின்றதும், மேலே நீர் சென்ற குழாயே தலைகீழாய்ச் செயற்பட்டு நீரைக் கீழே இழுக்கத் தொடங்கியது. குழாயின் வாய் நீர்மட்டத்திற்கு வெகு கீழே இருந்தமையால் அவ்வளவு நீரும் சம்பில் இறங்கிப் பொங்கி வழிந்தது. நாம் எடுத்துக்கொண்ட தொட்டியில் 1 சென்டிமீட்டர் நீர் இறங்கினால் 5 லிட்டர். குழாய்வாய் 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால் 20 லிட்டர் இறங்கும். குழாய்களில் நிற்கும் நீரும் அதனோடு சேரும். அவ்வளவுக்குச் சம்பில் இடம் காலியாக இருத்தல் வேண்டும். குழாய்வாயை மேற்பரப்புக்கு அருகிலேயே வைத்து, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு சிறு துளையும் இட்டால், நீர் சற்று இறங்கியதும் காற்று நுழைந்து இழுப்பு அறுபடும். பின்னோக்கி ஓடாது தடுக்கும் அடைப்பானை மட்டும் நம்பியிருத்தல் தகாது. சுண்ணாம்பு படிந்து அது திறந்தவாறே நின்றுவிடுவதுண்டு. பிராணவாயுவுக்கு, மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப் பம்பு ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது உயிர்காக்கும்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். பித்தளை, செம்பு பாகமுள்ள சாதாரணப் பம்பு ஆகாது. கரையும் செம்பு இறால், நத்தை முதலியவற்றைக் கொல்லும். நீருள் மூழ்கி இயங்கும் பம்பு தன் வெப்பத்தை நீருக்கே தரும். நமது தட்பவெப்பத்தில் நீரைச் சூடாக்கும் கருவி தேவையில்லை, குளிர்விப்பதே பிரச்சினை. ஆதலால் மின்சாரம் குறைவாகக் கொள்ளும் பம்பே உத்தமம். மூன்றாவதாக, உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்தும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்தாமல் தொட்டியில் கை வைக்கலாகாது.

இவ்வளவு சிரமம் எதற்கு என்று எண்ணுவோர்க்கு, 1983-இல் வண்டூரில் நிறுவப்பெற்ற மகாத்மா காந்தி கடல் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கு பம்பு இன்றி, கடலே மீன்களைப் பேணுகிறது. தொட்டியே வேண்டும் என்பார் மீன் வாங்குமுன் நீர் நிரப்பிச் சில வாரங்கள் ஓட்டிப் பார்க்கட்டும். அந்நாள்களில் ஒருநாள், வேண்டுமென்றே மின்விசையை நிறுத்திச் சம்பின் அருகே அமர்ந்து கவனிக்கட்டும். தரை நனையாவிட்டால், மீன்களை வீட்டுக்கு அழைத்து வரலாம்.