ஆட்டக்காரரை எடை போடுவது எப்படி?

மாலை வேளையில் பொழிச்சலூர்ப் பக்கம் சென்றால், மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் தலைக்கு மேல் இரைய, சிறுவர்கள் கிரிக்கெட் ஆடுவதைக் காணலாம். அவர்களுள் ஒருவரைப் பள்ளி அணிக்குத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் ஆட்டத்தைத்தான் பார்க்க முடியும். யாரை எடுப்பீர்கள்? அதிக ஓட்டம் எடுத்தவரையா? ஒரு பந்தைக்கூட நழுவவிடாதவரையா?

இரண்டு விடைகளுமே நம்மை ஏமாற்றக் கூடியவை. ஏன் என்று பார்ப்போமா?

அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பால் ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகச் செல்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் உண்டு. ‘ஸ்கவுட்’ என்பது அவர்களுக்குப் பெயர். அடிக்கும் திறன், அடியின் வலிமை, ஓட்டம், பந்தைத் தடுத்தல், எறிதல் ஆகிய ஐந்தையும் தனித்தனியே கவனித்து, ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவார்கள்.

விநாடிக் கணக்கு

பேஸ்பாலில் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நிற்பவர் ‘ஷார்ட்ஸ்டாப்’. நம் கிரிக்கெட்டில் ‘பாயிண்ட்’ இடத்தில் நிற்பவரைப்போல, இவருக்கும் ஓய்வே கிடையாது. பந்தை அடித்தவர் 27.4 மீட்டர் தொலைவிலுள்ள முதல் தளத்துக்கு ஓட வேண்டும். அவருக்கு முன் பந்து அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார்.

நல்ல ஆட்டக்காரர் அந்தத் தூரத்தை ஓட ஏறத்தாழ 4.3 விநாடி ஆகும். தரையோடு உருண்டு வரும் பந்து ஷார்ட்ஸ்டாப்பை அடைய 2 விநாடி ஆகிறது என்று கொள்வோம். அவர் 36 மீட்டர் தொலைவுக்கு, விநாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் எறிந்தால் பந்து செல்ல 1.2 விநாடி. மீதி எவ்வளவு? 1.1 விநாடிதான்! அதற்குள் குனிந்து, பந்தை எடுத்து, கையை வீசியாக வேண்டும். எறியும் வேகம் 24 மீட்டராகக் குறைந்தால் மிஞ்சுவது 0.8 விநாடியே. இந்தச் சின்னஞ்சிறு வேறுபாட்டைக் கண் காணாது. கடிகாரம் காட்டிக் கொடுக்கும்.

பிழையே செய்யாதவர்

இருவர் பக்கம் தலா 100 பந்துகள் வந்தன. ஒருவர் 60 பந்துகளை எட்டினார்; ஒன்றையும் நழுவவிடவில்லை. மற்றவர் 80 பந்துகளை எட்டி, 6 பந்துகளை நழுவவிட்டார். யார் சிறந்தவர்? பிழை செய்த இரண்டாமவரே! அவர் 74 பந்துகளைப் பிடித்திருக்கிறார். எட்டாத பந்தை யாரும் பிழை என்று எழுதுவதில்லை. அதனால்தான் முதலாமவர் குறையற்றவராகத் தோன்றினார். தொழிற்சாலை ஒன்றில் இரவுக் காவலராக இருந்த பில் ஜேம்ஸ் என்ற அமெரிக்கர், பிழைகளை விட்டுவிட்டு, பங்கு பெற்ற ஆட்டமிழப்புகளை எண்ணும் முறையை 1970-களில் பரப்பினார்.

பத்துச் சீட்டுகள்

அடிப்பதைப் பற்றி நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பத்துச் சீட்டுகளில் மூன்றில் மட்டும் ‘அடி’ என்று எழுதி, டப்பாவில் போட்டுக் குலுக்குங்கள். ஒரு சீட்டை எடுத்துப் பாருங்கள். குறித்துக்கொண்டு மீண்டும் உள்ளே போடுங்கள். இப்படிப் பத்து முறை செய்தால் ஓர் ‘ஆட்டம்’. பத்துக்கு மூன்று முறை வெற்றிகரமாக அடிக்கும் ஆட்டக்காரரே நம் டப்பா.

பல ஆட்டங்கள் ஆடிப் பாருங்கள். ஏறத்தாழ ஏழு ஆட்டங்களுக்கு ஒன்றில் ‘அடி’ ஒன்றோ பூஜ்யமோதான் வரும். அதேபோல் ஏழுக்கு ஒன்றில் ஐந்தோ அதற்கு மேலோ வரும். சீட்டுகள் மாறவே இல்லை! அப்படியானால் ஒரே நாள் தேர்வில் ‘தேறாதவர்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட மாணவர், தேர்வான மாணவருக்குச் சமமான திறமை உள்ளவராக இருக்கலாம் அல்லவா?

ஆகவே, விளைந்த எண்ணிக்கையைவிட அதை விளைவிக்கும் திறனை அளப்பதே மேல். 2008-இல் இந்தியாவில் நடந்த ஒரு போட்டியில் எறியும் வேகத்தையும் குறியையும் அளந்தார்கள். அதில் தேறிய ரிங்கு சிங், தினேஷ் படேல் இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். அதற்கு முன் பேஸ்பால் ஆடியதே இல்லை. அதே ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது.

ஒரு திறன் குறைவு என்பதால் எல்லாத் திறனும் குறைவு என்று ஆகாது. 1987-இல் பம்பாயிலிருந்து ஒரு சிறுவன் வேகப்பந்து வீச்சாளராக விரும்பி, சென்னை எம்.ஆர்.எஃப். பயிற்சி மையத்துக்கு வந்தான். பயிற்சியாளர் டென்னிஸ் லில்லி அவனை மட்டையடிப்பில் கவனம் செலுத்தச் சொன்னார். அந்தச் சிறுவன் யார் தெரியுமா? சச்சின் டெண்டுல்கர்!

அடுத்த முறை நண்பர்கள் ஆடும்போது ஒரு நோட்டுப் புத்தகத்துடன் எல்லைக் கோட்டருகே உட்காருங்கள். ஒவ்வொருவரும் எட்டிய பந்து, எட்டாத பந்து, நழுவிய பந்து என மூன்று பத்திகள் போடுங்கள். பத்து ஆட்டங்களுக்குப் பிறகு கூட்டிப் பாருங்கள். உங்கள் அணியின் சிறந்த தடுப்பாளர், நீங்கள் இதுவரை நினைத்தவர்தானா?