மாத்திரையும் அளவும்

தமிழ் இலக்கணம் பயில்வார்க்கு மாத்திரை என்பது புதிய சொல் அன்று. கண்ணிமைத்தற்கும் கைந்நொடித்தற்கும் ஆகும் காலத்தை ஓர் அளவாகக் கொண்டு, குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என நம் முன்னோர் வகுத்தனர். அளவு என்பதே அச்சொல்லின் பொருள். மருத்துவர் தரும் குளிகைக்கும் அப்பெயரே வழங்கிவருதல் கருதத்தக்கது. அளந்து கொடுக்கப்படுவது என்னும் குறிப்பு அதனுள்ளே கிடக்கின்றது. எழுத்தின் மாத்திரை மிகுமாயின் செய்யுளின் ஓசை கெடும். மருந்தின் மாத்திரை மிகுமாயின் கெடுவது உடம்பு.

தடுமன், ஒவ்வாமை, காய்ச்சல் என்னும் மூன்றற்கும் வீட்டில் வாங்கி உண்ணும் மருந்துகளைப் பற்றிச் சில கூறப் புகுந்தனம். யாம் மருத்துவம் பயில்வேம் அல்லேம். ஆயினும் மருந்து நோயாளியின் வாயிற் புகுமுன் அதனைக் கடைசியாகக் கையில் ஏந்துபவர் மருத்துவர் அல்லர்; தாயோ, தமக்கையோ, விடுதியில் உடனுறையும் நண்பரோ ஆவர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம், நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு அருகிருந்து மருந்தூட்டுபவனையும் ஒரு கூறாக வைத்து எண்ணுகின்றது. அந்த நான்காம் கூறினர்க்கென எழுதப்பட்டது இக்கட்டுரை.

எம்மூராகிய கீரனூர் திருச்சிராப்பள்ளியினின்று புதுக்கோட்டைக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது. குளத்தூர் வட்டத்தின் தலைமையூர். ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யுங்கால் அங்கே தடுமன் புகாத வீடு அரிது. மழை ஓய்ந்து தை பிறந்தபின் களத்தில் எழும் வைக்கோல் தூசியும், புறம்போக்கு நிலங்களில் அடர்ந்துள்ள சீமைக்கருவேலின் பூந்தாதும் வேறொரு வகைத் தும்மலை விளைக்கும். இரண்டிலும் மூக்கு ஒழுகுதலால் இரண்டையும் சளி என்றே கூறி ஒரே மாத்திரையை விழுங்குகின்றனர். அவை தம்முள் வேறானவை. தடுமன் வைரஸ் என்னும் நுண்ணுயிர் தொற்றுவதால் வருவது. தொண்டை நோவும் உடல்வலியும் சிலபோது காய்ச்சலும் உடன்வரும். பெரும்பாலும் 7 முதல் 10 நாட்களில் தானே நீங்கும். ஒவ்வாமையிலோ காய்ச்சல் இராது. தும்மல் தொடர்ந்து வரும். கண்ணும் மூக்கும் அரிக்கும். தூசியை விட்டு நீங்கின் குறையும். நீங்காவிடின் மாதக்கணக்கிலும் நிற்கும்.

இனி முதன்மையாக உணரவேண்டியது ஒன்றுண்டு. தடுமனைத் தீர்க்கும் மருந்து இன்றுவரை எங்கும் இல்லை. கடையில் தடுமனுக்கென விற்கப்படுவன யாவும் அதன் துன்பத்தைச் சிறிது தணிப்பனவே. ஒருநாள் முன்னதாக அதனைப் போக்குவனவும் அல்ல. பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாடிக் மருந்துகள் வைரசை ஒன்றும் செய்யமாட்டா. அட்டையின் இடப்பக்கத்தில் நெடுகச் சிவப்புக்கோடு இடப்பட்ட மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி உண்ணலாகாது என்பது விதி. அங்ஙனமாகவும், மூன்று மாத்திரை நறுக்கித் தரும்படி கேட்டு வாங்கி, மூக்கொழுகல் நின்றவுடன் எஞ்சியதைப் பெட்டியில் இட்டு வைப்போர் பலர். தணிப்பதற்கு மட்டுமே உரிய மருந்தென்றால், அது தரும் சிறு நலத்திற்காக எவ்வளவு இடரை ஏற்கலாம் என்னும் கேள்வி எழுகின்றது. அக்கேள்விக்கு 2025ஆம் ஆண்டில் நம் நாடு கொடுத்த விலை கொடிது.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாரா மாவட்டத்தில், சாதாரண இருமலும் காய்ச்சலும் கண்ட குழந்தைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. சிறுநீரகங்கள் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். 20க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் ஐந்து வயதும் நிரம்பாதவர். அவர்கள் உண்டது கோல்ட்ரிஃப் என்னும் இருமல் சிரப்பு. அது காய்ச்சப்பட்ட இடம் நம் தமிழ்நாட்டில், காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரம். அக்டோபர்த் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையார் அதனைச் சோதித்தபோது டைஎதிலின் கிளைக்கால் என்னும் நஞ்சு நூற்றுக்கு 48.6 பங்கு இருந்தது. இருக்கத்தகும் எல்லை 0.1. தமிழ்நாடு அதன் விற்பனையைத் தடுத்தது. செய்த நிறுவனத்தின் உரிமமும் அம்மாதத்திலேயே நீக்கப்பட்டது.

இந்நஞ்சு மருந்திற் புகும் வழியை அறிதல் வேண்டும். நீரிற் கரையாத மருந்தைக் கரைத்தற்குப் புரோப்பிலின் கிளைக்கால், கிளிசரின் போன்ற குழம்புகளைச் சேர்ப்பர். டைஎதிலின் கிளைக்கால் தொழிற்சாலைகளிற் பயன்படுவது, விலை குறைவு, நிறமில்லை, நாற்றமில்லை, நாவுக்கு இனிக்கும். ஆதலின் பேராசையாலோ கவனமின்மையாலோ நல்லதன் இடத்தில் இது புகுந்துவிடுகின்றது. உடம்பினுள் சென்றபின் இது சிதைந்து சிறுநீரகத்தை அழிக்கும் அமிலமாக மாறும். 1937இல் அமெரிக்காவில் சல்பா மருந்தொன்றை இதிற் கரைத்து விற்றதால் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டே அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நம் நாட்டில் மருந்துச் சட்டம் 1940இல் வந்தது. வந்தும், 1972இல் சென்னையிற் குழந்தைகள் இந்நஞ்சினால் இறந்தனர். 2022இல் காம்பியா நாட்டில் ஏறத்தாழ 70 குழந்தைகள் இறந்தபோதும் ஐயத்திற்கு உள்ளானவை இந்தியாவிற் செய்த சிரப்புகளே.

புட்டியைக் கையில் வாங்கும் தாய் இந்நஞ்சைக் கண்டுபிடித்தல் இயலாது. மேலொட்டில் எழுதியிரார், சுவையும் காட்டிக்கொடாது. அவள்மேற் பழியேற்றுவது அறமன்று. சோதிக்கவேண்டியவர் சோதியாமையே குற்றம் என்பது எம் கருத்து. அற்றேல் வீட்டார் செய்யத்தக்கது யாதெனின், தேவையில்லாத இடத்தில் அச்சிரப்பைக் கொடாதிருத்தலே. இரண்டு வயதிற்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளிச் சிரப்புகளை எழுதவே கூடாதென்றும், ஐந்து வயதுவரை பொதுவாகத் தவிர்க்கவேண்டும் என்றும் மத்திய அரசின் சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவித்தது. அச்சிரப்புகள் நஞ்சின்றி இருப்பினும் அவ்வயதிற் பெரும்பயன் தருவன அல்ல. ஒரு வயது கடந்த குழந்தையின் இருமலுக்குச் சிறிது தேன் போதும். ஒரு வயது நிரம்பாததற்கு அதுவும் ஆகாது; தேனில் உள்ள ஒருவகை நுண்ணுயிர் அவ்வயதில் நரம்புகளை முடக்கவல்லது. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு நன்று. கற்பூரம் இட்டுக் காய்ச்சிய எண்ணெயையும் கோடாலித் தைலத்தையும் கைக்குழந்தையின் மூக்கருகே தடவுதல் கூடாது. கற்பூரம் உட்சென்றால் வலிப்பு உண்டாகும்.

அடுத்துக் காய்ச்சல் மருந்தாகிய பாரசிட்டமால். அளவறிந்து உண்பார்க்கு இதனினும் அச்சமில்லாத மருந்து சிலவே. அளவு தப்பினார்க்கு இதனினும் கொடியவை பலவல்ல. வளர்ந்தோர் ஒருமுறைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை, குறைந்தது 4 மணி இடைவெளியில் உண்ணலாம். நாள் முழுதும் சேர்த்து 4000 மில்லிகிராமைக் கடத்தல் ஆகாது. அஃதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, அல்லது 650 மில்லிகிராம் மாத்திரை ஆறு, இதுவே எல்லை. மெலிந்தோர்க்கும் மது அருந்துவோர்க்கும் ஈரல் நோயுடையார்க்கும் எல்லை இன்னும் தாழ்ந்தது.

இவ்வெல்லையைத் தெரிந்தே கடப்பவர் சிலரே. தெரியாமற் கடப்பவரே மிகப் பலர். காரணம், ஒரே மருந்து பல பெயர்களில் வருதல். சளி மாத்திரை என்று விற்பதன் அட்டையைத் திருப்பிப் பார்மின். பாரசிட்டமால், பினைலெப்ரின், குளோர்பெனிரமைன் என்று மூன்று பெயர் காணப்படும். காய்ச்சலுக்கென ஒன்றும் சளிக்கென ஒன்றும் தலைவலிக்கென ஒன்றும் உண்பவர் ஒரே வேளையில் மூன்றுமுறை பாரசிட்டமாலை உண்டவர் ஆகலாம். சிங்கப்பூரினின்று உறவினர் கொணரும் பனடாலும் அதுவே. அமெரிக்காவினின்று வரும் புட்டியில் அசெட்டமினோபென் என்று இருப்பதும் அதுவே. ஆதலின் முகப்பில் பெரிதாக அச்சிட்ட பெயரை விடுத்து, அடியில் நுண்ணெழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்தல் வேண்டும். கடையில் ஒன்றிரண்டாக நறுக்கித் தரும்போது அப்பெயரும் காலாவதி நாளும் மற்றொருவர் வாங்கும் துண்டோடு போய்விடுகின்றன. பெயர் தெரியாத பொட்டல மாத்திரையை மறுத்தல் நாணத்தக்க செயலன்று.

மிகுதியான பாரசிட்டமால் ஈரலைச் சிதைக்கும். இதிற் கொடிய பகுதி யாதெனின், முதல்நாள் சிறிது குமட்டல் அன்றி வேறு குறி தோன்றாமையே. நோயாளி நலமாகவே இருப்பார். ஈரலோ உள்ளே அழிந்துகொண்டிருக்கும். மாற்று மருந்து உண்டு. எட்டு மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிக நன்கு காக்கும். ஆகையால் அளவு மிகுந்ததென ஐயுற்றால் குறி தோன்றும்வரை காத்திராது உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

குழந்தைகளுக்கு அளவு வயதைப் பற்றியதன்று, எடையைப் பற்றியது. எடை ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 வரை ஆகும். இங்கே ஒரு பொறி உள்ளது. கடைகளில் 5 மில்லிலிட்டரில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு. அதே 5 மில்லிலிட்டரில் 250 உள்ளதும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லிலிட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தைச் சிரப்பென எண்ணி 5 மில்லிலிட்டர் ஊட்டினால் 500 மில்லிகிராம் உட்செல்லும். அது வளர்ந்த ஆடவன் உண்ணும் மாத்திரை ஒன்றற்கு ஒப்பாகும். அடுக்களைக் கரண்டிகள் ஒன்றுபோல் ஒன்று இரா. புட்டியோடு வரும் அளவு மூடியே அளவு.

ஒவ்வாமைக்குரிய மருந்துகள் உடம்பிற் சுரக்கும் ஹிஸ்டமின் என்னும் பொருளின் செயலைத் தடுப்பன. இவ்வகையில் முதல் மருந்தை 1937இல் கண்ட தானியல் போவே 1957இல் நோபல் பரிசு பெற்றார். பழைய குளோர்பெனிரமைன் மூளையினுட் புகுந்து உறக்கத்தைத் தரும். அதை உண்டு மோட்டார் வண்டி ஓட்டுவது தீது. தேர்வுக்கு முன்னிரவில் உண்டு மறுநாட் காலையில் வினாத்தாளின்முன் மயங்கியிருந்த நண்பர்களை யாம் கண்டுளேம். புராஸ்டேட் வீக்கமுடைய முதியோர்க்கு அது சிறுநீரை அடைக்கவும் கூடும். செட்டிரிசின் உறக்கம் குறைந்தது; பெக்ஸோபெனடின் இன்னும் குறைந்தது. மூக்கடைப்பைத் திறக்கச் சேர்க்கும் பினைலெப்ரின் வாய்வழியே உண்டாற் பயனற்றது என்று 2023இல் அமெரிக்க மருந்து ஆணையத்தின் அறிவுரைக் குழுவினர் ஒருமுகமாகக் கூறினர். மூக்கில் இடும் சைலோமெட்டசோலின் சொட்டு விரைவிற் பயன் தரும். ஆயின் ஐந்து நாட்களுக்கு மேற்பட இடுவார்க்கு அடைப்பு முன்னினும் மிகுந்து, சொட்டு மருந்தின்றி மூச்சுவிட இயலாத நிலை நேரும்.

மழைக்காலத்துக் காய்ச்சலைப் பற்றித் தனியே கூறவேண்டும். தமிழ்நாட்டில் டெங்கு 2012, 2017ஆம் ஆண்டுகளிற் பெருகிப் பரவிற்று. டெங்குவோ என்று ஐயம் உள்ளபோது ஆஸ்பிரின், ஐபுபுரோபென், டைக்ளோபினாக் ஆகியவற்றை உண்ணுதல் கூடாது. அவை குருதிக்கசிவை மிகுவிக்கும். பாரசிட்டமாலும் நீராகாரமுமே ஏற்றவை. வேறு காரணத்தாலும் பதினாறு வயதிற்குட்பட்டோர்க்குக் காய்ச்சலில் ஆஸ்பிரின் ஆகாது. நிமசுலைடு பன்னிரண்டு வயதிற்குட்பட்டார்க்கு 2011இலேயே நம் நாட்டில் தடுக்கப்பட்டது. அரசாங்கத்தார் வழங்கிய நிலவேம்புக் குடிநீரை அருந்துவோர் அருந்துக. அதனை அருந்தினமையால் குருதிச் சோதனை வேண்டாவென இருந்துவிடுதலே தவறு. டெங்குவின் இடர் பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நாளிலேயே தொடங்குகின்றது. உடம்பு குளிர்ந்தது, மருந்து வேலை செய்தது என்று மகிழும் அந்நாளில் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, ஈறிற் குருதியோ, மிக்க சோர்வோ தோன்றின் பொழுது விடியும்வரை பொறுத்தல் ஆகாது.

மூன்று மாதம் நிரம்பாத மகவுக்கு எந்தக் காய்ச்சலும், மற்றையோர்க்கு மூன்று நாள் கடந்த காய்ச்சலும், விலாக்குழி உள்வாங்கும் மூச்சும், வலிப்பும், ஆறெட்டு மணி நேரம் சிறுநீர் கழியாமையும் மருத்துவரிடமே காட்டத்தக்கவை. 108 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி வழியே கூறினால் ஊர்தி வரும். செல்லுங்கால் நோயாளி உண்ட மருந்தின் அட்டையையும் புட்டியையும், வெறும் புட்டியாயினும், உடன்கொண்டு செல்க. மேலொட்டில் தொகுதி எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். 2025இல் தமிழ்நாட்டு அதிகாரிகள் சோதனைக்கு எடுத்த கோல்ட்ரிஃப், எஸ்.ஆர். 13 என்னும் எண்ணுடைய தொகுதியாகும்.